32 கிலோபைட்டுக்குள் ஒரு குகை

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் முன் நின்று செல்பேசியில் ஒரு படம் எடுத்தால், அந்த ஒரு படமே மூன்று நான்கு மெகாபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1984-இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின்கீழ் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினி கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டனில் வீட்டுக்கும் பள்ளிக்குமாக உருவான பிபிசி மைக்ரோதான் அந்தக் கணினி. அதன் மொத்த நினைவகம் 32 கிலோபைட். செல்பேசியின் ஒற்றைப் படத்தை ஏற்றுவதென்றால் அப்படிப்பட்ட நூறு எந்திரங்களாவது வேண்டும்.

அதே எந்திரத்துக்கு 1983-இல் ஒலிநாடாவில் ஒரு விளையாட்டு வந்தது. பெயர் 'கொலோசல் அட்வென்சர்'. ஒரு பாதாளக் குகை, அதில் 200-க்கும் மேற்பட்ட இடங்கள், கோடரி வீசும் குள்ளர்கள், வழியை மறித்துக் கிடக்கும் பாம்பு, டிராகன், புதையல்கள் எல்லாம் அந்த 32 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டன. படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. நிற்கும் இடம் எப்படி இருக்கிறது என்று திரை எழுத்தில் சொல்லும். ஆடுபவர் 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்பதுபோல ஆங்கிலத்தில் இரண்டு சொல் தட்டுவார். நடந்தது என்ன என்பது மறுபடி எழுத்தில் வரும். அந்தக் காலத்தில் இதை ஆடியவர்களிடம் இன்று பேச்சுக் கொடுத்தாலும், எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் படி இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். இத்தனை பெரிய இடம் இத்தனை சிறிய பெட்டிக்குள் எப்படிப் போனது?

விடை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மெய்யான ஒரு சுண்ணாம்புக் குகையில் தொடங்குகிறது. வில் குரோதர் என்ற நிரலாளர் பாஸ்டன் அருகே பிபிஎன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டில், ஒரு கணினியின் செய்தி எந்த வழியாக மற்றொன்றுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல்களை எழுதிய குழுவில் இருந்தார். விடுமுறை கிடைத்தால் மனைவி பாட்ரீசியாவுடன் குகைக்குள் இறங்கிவிடுவார். இருவரும் குகைகளை அளந்து, அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி வரைபடமும் தயாரித்தார்கள். ஃபிளின்ட் ரிட்ஜ் குகையும் மாமத் குகையும் உள்ளே ஒன்றோடொன்று இணைகின்றன என்று 1972 செப்டம்பரில் கண்டுபிடித்த குழுவில் பாட்ரீசியாவும் ஒருவர். பின்னர் மணமுறிவு ஏற்பட்டது. பிரிந்திருந்த தன் மகள்களுக்காக 1975, 76 வாக்கில் குரோதர் ஒரு விளையாட்டு எழுதினார். பல முறை இறங்கி ஏறிய பெட்குவில்ட் என்ற குகைப் பகுதியையே அதில் வைத்தார். அந்த நிரல் ஆர்ப்பாநெட் வழியே கைமாறிக் கைமாறி ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்ற மாணவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை விரித்து 1977-இல் வெளியிட்ட வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஒலிநாடாவில் வந்தது அதன் வழித்தோன்றல்.

செய்திகளுக்கு வழி சொல்லும் நிரலை எழுதிய அதே கை குகையையும் எழுதியது என்பதைக் கவனிக்க வேண்டும். குரோதரின் விளையாட்டில் குகைக்கு நீளம், அகலம், உயரம் எதுவும் கிடையாது. எந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் போனால் எந்த இடம் வரும் என்ற பட்டியல் மட்டுமே உண்டு.

இதை மாமல்லபுரத்திலேயே செய்து பார்க்கலாம். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துக்கு இடம் 1 என்று எண் கொடுப்போம். அதற்குச் சற்றுத் தெற்கே கிருஷ்ண மண்டபம், அது 2. வடக்கே கணேச ரதம், அது 3. அதற்கும் அப்பால் சரிவில் உருளாமல் நிற்கிறதே வெண்ணெய் உருண்டைப் பாறை, அது 4. தெற்கே குன்றின்மேல் கலங்கரை விளக்கம் 5, அதன் பக்கத்து மகிடாசுரமர்த்தினி குகை 6, அந்தக் குகையின் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும் ஒலக்கணேசுவரர் கோயில் 7. இனி அட்டவணை: 1-இலிருந்து வடக்கே போனால் 3, 1-இலிருந்து தெற்கே போனால் 2, 6-இலிருந்து மேலே ஏறினால் 7. ஒவ்வொரு வழிக்கும் இரண்டு எண்கள் போதும், ஒன்று திசைக்கு, மற்றொன்று சேரும் இடத்துக்கு. எண்ணுக்கு ஒரு பைட் என்றால் வழிக்கு இரண்டே பைட். 200 இடங்களுக்குத் தலைக்கு ஐந்து வழி வைத்தாலும் 2,000 பைட்டில் ஊரே முடிந்துவிடும்.

இடங்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் மட்டும் பார்க்கும் இந்த முறைக்குக் கணிதத்தில் கோட்டுரு என்று பெயர். புள்ளியைக் கணு என்பார்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவே எத்தனை மீட்டர், பாதை வளைவா நேரா, வெயிலா நிழலா என்பதெல்லாம் கோட்டுருவுக்குத் தேவையில்லை. ரயில்வே கால அட்டவணையின் பின்பக்கத்து வழித்தடப் படமும் அப்படித்தான். தாம்பரத்துக்கு அடுத்தது பெருங்களத்தூர் என்பது சரியாக இருந்தால் போதும், கோடு எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதில்லை.

இடங்கள் தயார். ஆனால் வெறும் இடங்களில் சுற்றுவது விளையாட்டு ஆகாது. அங்கே ஏதாவது நடக்க வேண்டும், நடந்தது நிலைக்கவும் வேண்டும். வுட்ஸின் வடிவத்தில் 53 பொருள்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் ஒதுக்கி, அது இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துவைத்தார்கள். விளக்கு 3-இல் இருந்தால் அதன் எண் 3. ஆடுபவர் அதை எடுத்துக்கொண்டால், 'ஆடுபவர் கையில்' என்று பொருள்படும் தனி எண் அந்த இடத்தில் ஏறும். கீழே வைத்தால் நிற்கும் இடத்தின் எண் ஏறும். 'எடு', 'வை' என்ற இரண்டு வினைகளும் உள்ளே செய்வது இந்த எண் மாற்றம் ஒன்றைத்தான்.

இந்த எண்களின் மொத்தத் தொகுப்பை விளையாட்டின் 'நிலை' என்பார்கள். புதிர்கள் எல்லாமே நிலையின்மேல் வைக்கப்பட்ட நிபந்தனைகள். பழைய ஆட்டக்காரர்கள் மறக்காத பறவைப் புதிரை எடுத்துக்கொள்வோம். குகையில் ஓரிடத்தில் ஒரு சிறு பறவை பாடிக்கொண்டிருக்கும். வழியிலேயே கூண்டும் கிடைத்திருக்கும். பிடிக்கப் போனால் பறவை மிரண்டு ஒதுங்கும். எத்தனை முறை முயன்றாலும் அதே கதைதான். காரணம் ஆடுபவரின் கையிலேயே இருக்கிறது. வழியில் கண்டெடுத்த கறுப்புக் கோலைக் கண்டு அது பயப்படுகிறது. கோலைக் கீழே வைத்துவிட்டு, கூண்டோடு போனால் பிடிபடும். பிறகு பாம்பு மறிக்கும் மண்டபத்தில் அதைத் திறந்துவிட்டால், அத்தனை பெரிய பாம்பை அது விரட்டிவிடும். நிரலுக்குள் இது ஒரே கேள்வி: கோலின் எண் 'கையில்' என்று இருக்கிறதா? இருந்தால் மிரளும் செய்தி, இல்லாவிட்டால் கூண்டு இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. இரண்டு வரி நிரல் ஆடுபவரை இரண்டு நாள் உட்கார வைத்துவிடும். கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் ஜெயிக்கலாம் என்ற நினைப்பைத்தான் அந்தப் புதிர் குறிவைக்கிறது, அதனால்தான் அது நல்ல புதிர்.

எல்லாப் புதிரும் இப்படி நியாயமானதல்ல. டிராகனை வெறுங்கையால் கொல்ல முடியும் என்பதை அதே விளையாட்டில் யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. ஆயுதம் இல்லாமல் 'டிராகனைக் கொல்' என்று தட்டினால், வெறுங்கையாலா என்று கணினி கிண்டலாகத் திருப்பிக் கேட்கும். 'ஆம்' என்று தட்டினால் டிராகன் செத்துவிடும்! மொத்த மதிப்பெண் 350. எல்லாம் முடித்த பிறகும் 349-இலேயே நின்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். குகையில் கிடைக்கும் ஒரு பத்திரிகை இதழைக் கொண்டுபோய் விட்ஸ் எண்ட் என்ற முட்டுச்சந்தில் போட்டால் அந்த ஒரு மதிப்பெண் கிடைக்கும். அங்கே போட வேண்டும் என்பதற்குக் குகையில் எங்கும் குறிப்பு இல்லை. இது புதிரே அல்ல, நிரலாளரின் குறும்பு.

ஆஸ்திரேலியாவில் 1982-இல் உருவான 'தி ஹாபிட்' என்ற விளையாட்டு இன்னொரு படி மேலே போனது. அதில் வரும் பாத்திரங்களின் எண்களை ஆடுபவர் தொடாமலே நிரல் மாற்றிக்கொண்டிருக்கும். ஆடுபவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது தோரின் என்பவன் தன்பாட்டுக்கு உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்குவான். ஸ்பெக்ட்ரம் கணினியின் 48 கிலோபைட்டுக்குள் இதையும் அடக்கியது சாதாரண வேலை அல்ல.

அடுத்த சிக்கல் மொழி. ஆடுபவர் தட்டும் சொற்களைக் கணினிக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதியைச் சொற்பிரிப்பான் எனலாம். குரோதரின் சொற்பிரிப்பானுக்கு 193 சொற்கள் தெரியும். முதல் சொல்லின் முதல் ஐந்து எழுத்தைப் பட்டியலில் தேடும், இரண்டாம் சொல்லுக்கும் அப்படியே. ஐந்து என்பது எங்கிருந்து வந்தது? அவர் பயன்படுத்திய பிடிபி-10 கணினி ஒரு மூச்சில் 36 பிட்டுகளைக் கையாளும். ஓர் எழுத்துக்கு ஏழு பிட் என்றால் ஐந்து எழுத்து அதில் அடங்கும். எந்திரத்தின் வசதிதான் மொழிக்கு எல்லையை வகுத்தது.

இந்தக் குறுக்குவழி தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கச்சிதமாகப் பொருந்தும். 'விளக்கை எடு', 'விளக்கால் அடி', 'விளக்குடன் போ' என எப்படிச் சொன்னாலும் தமிழில் பெயர் முன்னால் நிற்கிறது, மாறுவது கடைசிப் பகுதி. வெட்டி எறியப்படுவது வேற்றுமை உருபு, மிஞ்சுவது சொல்லின் அடி. வினை எப்போதும் கடைசியில் வருவதால் அதையும் தேட வேண்டியதில்லை, வாக்கியத்தின் வாலைப் பிடித்தால் போதும். 'வெண்ணெய் உருண்டையைத் தள்ளு' என்று ஒருவர் தட்டினால், கடைசிச் சொல் 'தள்ளு', முன்னால் நிற்பது பாறை. பாறையோ எடுக்கவும் நகர்த்தவும் முடியாத பொருள் என்று நிலையில் குறித்திருக்கும். 1908-இல் ஆளுநர் ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அது அசையவில்லை என்று ஊரில் கதை உண்டே, அந்தப் பதிலையே திரையில் போடலாம்.

இனி மிச்சமிருப்பது வருணனைகள். நினைவகத்தைத் தின்பவை இவைதான். வழிகளுக்கு 2,000 பைட் போதும் என்றால், 200 இடங்களுக்குத் தலைக்கு 30 சொல் வருணனை எழுதினால் 36,000 பைட் ஆகிவிடும். எந்திரத்தின் மொத்த நினைவகமே அதைவிடக் குறைவு. அதனால் அக்கால நிரலாளர்கள் எழுத்தை இறுக்கிக் கட்டும் வித்தையைக் கற்றார்கள். 'சோர்க்' விளையாட்டைச் செய்த இன்ஃபோகாம் நிறுவனத்தின் வழி எளியது. ஆங்கில எழுத்து 26, அதனோடு இடைவெளி முதலிய சில. 32 குறிகளுக்குள் அடங்கும் எதையும் ஐந்து பிட்டில் எழுதலாம். சாதாரணமாக ஓர் எழுத்துக்கு எட்டு பிட், அதாவது ஒரு பைட், செலவாகும் இடத்தில் இப்படிச் செய்தால் இரண்டு பைட்டில் மூன்று எழுத்து போகும். அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரு சுருக்கக் குறி. இவ்வளவுதான்.

தமிழில் 247 எழுத்து, ஐந்து பிட் எப்படிப் போதும் என்று தோன்றலாம். உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்துப் பார்த்தால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. இடைவெளிக்கு ஒன்று சேர்த்தால் சரியாக 32! 'விளக்கு' என்ற சொல் வ், இ, ள், அ, க், க், உ என ஏழு குறிகளாகும், ஆறு பைட்டில் முடியும். இன்று இணையத்தில் அதே சொல் 21 பைட் எடுத்துக்கொள்கிறது. நினைவகம் மலிந்துவிட்டதால் யாரும் கவலைப்படுவதில்லை. கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் அந்த ஏற்பாட்டில் இடமில்லை, பல்லவ மன்னர்களில் நரசிம்மவர்மன் 'நரசிம்மவர்மன்' என்றே வரலாம், ராஜசிம்மன் 'இராசசிம்மன்' ஆக வேண்டியதுதான்.

இன்ஃபோகாமின் பெரிய கண்டுபிடிப்பு வேறு. 'சோர்க்' எம்.ஐ.டி.யில் சிலர் 1977-இல் பெரிய கணினியில் எழுதத் தொடங்கிய விளையாட்டு. வீட்டுக் கணினிக்குக் கொண்டுவரும்போது அதை மூன்றாக வெட்ட வேண்டியிருந்தது. அதோடு, சந்தையில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பத்துப் பதினைந்து வகைக் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் ஆயுள் போதாது. ஆகவே ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் 1979-இல் உலகில் எங்கும் இல்லாத ஒரு கணினியைக் காகிதத்தில் வடிவமைத்தார்கள். விளையாட்டுகள் எல்லாம் அந்த இல்லாத கணினிக்காக எழுதப்பட்டன. பிறகு ஒவ்வொரு மெய்யான கணினிக்கும், 'நான்தான் அந்தக் கணினி' என்று நடிக்கும் ஒரு சிறு நிரல் மட்டும் எழுதினார்கள். இதை மெய்நிகர் எந்திரம் என்கிறார்கள். அந்த நடிகனைச் செல்பேசிக்கு எழுதிவிட்டால் 1980-இன் விளையாட்டு செல்பேசியில் ஓடும். ஓடிக்கொண்டும் இருக்கிறது.

இடத்தைச் சுருக்குவதற்கு இன்னொரு வழி உண்டு. அதன் கணிதத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பங்கிருக்கிறது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதி பேராசிரியர்களாக இருந்தார்கள். அவர் புள்ளியியல், அம்மையார் கணிதம். கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து இவர்கள் 1972 முதல் வெளியிட்ட ஆய்வுகள் வாக்கியங்களுக்குரிய இலக்கண விதிகளைப் படங்களுக்கு விரித்தன. 1974-இன் கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள் வாசல் கோலம். ஒரு சிறு கோலத்தில் தொடங்கி, 'இந்தத் துண்டு இருக்கும் இடத்தில் அந்தத் துண்டுகளை வை' என்ற சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளர்ந்துகொண்டே போகும். எத்தனை பெரிய கோலம் ஆனாலும் நினைவில் வைக்க வேண்டியது அந்தச் சில விதிகளைத்தான். அதே 1974-இல் மைக்கேல் லாக்வுட், தயானந்தன் ஆகியோருடன் கிஃப்ட் சிரோமணி எழுதிய மாமல்லபுர ஆய்வுகள் நூலும் வெளிவந்தது. பல்லவச் சிற்பங்களின் உடையையும் நகையையும் கணக்கெடுத்தவரும் இவர்தான்.

பட்டியல் போட்டு வைப்பதற்குப் பதில் விதியை வைத்துக்கொள்வது என்ற இந்த யோசனை விளையாட்டுக்கும் வந்தது. ஒலிநாடாக் குகையைச் செய்த லெவல் 9 நிறுவனம் 1983-இல் 'ஸ்னோபால்' என்ற விண்கலக் கதையை வெளியிட்டது. 7,000 இடங்கள் என்று அட்டையில் விளம்பரம். அதே 32 கிலோபைட்! சூது என்னவென்றால் அவற்றில் சுமார் 6,800 இடங்கள் நிறக் குறிகளால் மட்டும் வேறுபடும் ஒரே மாதிரி அறைகள். அறையை எங்கும் சேமிக்கவில்லை. ஆடுபவர் போகும்போது விதி அதை உருவாக்கிக் கொடுக்கும், நகர்ந்ததும் மறந்துவிடும். விளம்பரம் பொய் அல்ல, ஆனால் கோலத்தில் விதியால் அழகு பிறக்கிறது, ஸ்னோபாலில் அலுப்புதான் பிறந்தது.

ஒரே மாதிரி அறைகள் என்றதும் குகை விளையாட்டின் மிகப் பேர்பெற்ற புதிர் நினைவுக்கு வரும். ஓரிடத்தில் ஆடுபவர் ஒரு சுழல்வழிக்குள் மாட்டிக்கொள்வார். எந்த அறைக்குப் போனாலும் ஒரே வருணனை, எழுத்துப் பிசகாமல். வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கு வராது, ஏனெனில் வழிகள் வளைந்து வேறெங்கோ போய் முட்டுகின்றன. விளக்கின் மின்கலமோ தீர்ந்துகொண்டிருக்கும்.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே கடலோரத்துச் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் ஒரே மாதிரி மரங்கள், பத்து வரிசை தாண்டினால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பது மறந்துவிடும். விறகு பொறுக்கப் போகிறவர்கள் ஒரு மரத்தில் துணியைக் கட்டிவிட்டுப் போனால் போதும், திரும்ப அந்தத் துணி கண்ணில் பட்டதும் 'இது முன்பே வந்த இடம்' என்று உறுதியாகும். குகைப் புதிருக்கும் அதுவே விடை. கையிலிருக்கும் பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். விளக்கைத் தவிர எதை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் புதையலைப் போடாமல் இருப்பது நல்லது, நடமாடும் கொள்ளையன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு போய்விடுவான். கூண்டு கிடக்கும் அறை, சாவி கிடக்கும் அறை, கோல் கிடக்கும் அறை என்று அறைகளுக்குப் பெயர் வந்துவிட்டால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு திசையையும் சோதித்து அட்டவணை எழுதிவிடலாம். நிரலாளர் ஒளித்துவைத்த அதே அட்டவணையை ஆடுபவர் வெளியிலிருந்து மீட்டெடுக்கிறார்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழுகிறது. அறைக்கு ஒரு பொருள் இல்லாவிட்டால்? கையில் ஒரே ஒரு கூழாங்கல் மட்டும் இருந்தால் வரைபடம் எழுத முடியுமா?

கல்லை ஓர் அறையில் போட்டுவிட்டுக் கிழக்கே கிழக்கே என்று போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாவது அறையில் கல் தென்பட்டால், பத்து அறை கொண்ட வளையம் என்று தெரிந்துவிடும். ஐம்பது அறை தாண்டியும் தென்படவில்லை என்றால்? வளையம் இன்னும் பெரியதாக இருக்கலாம். அல்லது கல் கிடக்கும் அறைக்கு இந்த வழியாகத் திரும்பவே முடியாமல், வேறொரு வளையத்தில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருக்கலாம். எல்லா அறையும் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மொத்தம் அறுபது அறைக்கு மேல் இல்லை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அறுபது வரை நடந்துவிட்டு முடிவுக்கு வரலாம். ஆக, தடையாக இருப்பது குகை எவ்வளவு பெரியது என்பது தெரியாமைதான்.

மைக்கேல் பெண்டர், அன்டோனியோ ஃபெர்னாண்டஸ், டானா ரான், அமித் சகாய், சலில் வதன் ஆகிய ஐந்து கணினி அறிவியலாளர்கள் 1998-இல் இதை முறையாக நிறுவினார்கள். அறைகளின் எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பு தெரிந்தால், வழிகள் ஒருவழிப் பாதைகளாகவே இருந்தாலும், ஒரே கல்லை வைத்துக்கொண்டு முழு வரைபடத்தையும் எழுதிவிடலாம். வரம்பு தெரியாவிட்டால் ஒரு கல் போதாது. எத்தனை வேண்டும் என்பதுதான் வியப்பு. அறைகள் பெருகும் வேகத்தோடு ஒப்பிட்டால் கற்களின் தேவை நகர்வதே தெரியாது: 100 அறையிலிருந்து 10,000 அறைக்கும், அங்கிருந்து 10 கோடி அறைக்கும் தாவும்போது தேவை படிக்கு ஒன்று என்ற அளவில்தான் ஏறுகிறது. அதற்குக் குறைவான கற்களால் முடியாது என்பதையும் அவர்களே காட்டினார்கள். அறைக்கு ஒரு பொருளைப் போட்டு வழி கண்டுபிடித்த ஆட்டக்காரர்கள் ஒரு தேற்றத்தின் எளிய பக்கத்தில் கைவைத்துக்கொண்டிருந்தார்கள். முகவரி இல்லாத கணினிகள் நிறைந்த வலையமைப்பிலும், அறிமுகமில்லாத இடத்தில் விடப்பட்ட எந்திரனுக்கும் எழும் சிக்கல் இதுவே.

கோட்டுரு மட்டும் இருந்தால் இடத்தை அறிந்ததாகுமா என்று ஒருவர் சந்தேகப்படலாம். அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கென்டக்கியில் குகை அளக்கும் குழு ஒன்று பெட்குவில்டுக்குள் இறங்கியபோது, அங்கே அதற்குமுன் வந்தே இராத ஒரு பெண் உடன் போனார். அந்த விளையாட்டின் ஒவ்வொரு நகர்வும் அவருக்கு மனப்பாடம். அடுத்து எந்த அறை, எந்தப் பக்கம் பொந்து என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். குழுத் தலைவரே அதுவரை நுழையாத ஒரு பக்கமாக அந்தப் பெண் தவழ்ந்து போய், விட்ஸ் எண்டைப் பார்த்துவிட்டு வந்தார். வேலை முடிந்ததும் அவரையே முன்னால் விட்டார்கள். ஓர் இடத்திலும் தடுமாறாமல் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து சேர்த்தார். பைட்டுக் கணக்கில் பார்த்தால் சில நூறு பைட் அட்டவணை அவருடைய மூளையில் இருந்தது, அவ்வளவுதான்.

குரோதரின் மூல நிரல் தொலைந்துபோய்விட்டது என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் மாணவர் காலத்துக் கணக்கின் காப்புப் பிரதியில் அது கிடந்ததை டென்னிஸ் ஜெர்ஸ் என்ற ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தார். 2005-இல் குகைக்குள்ளும் இறங்கி ஒப்பிட்டுப் பார்த்து, 2007-இல் கட்டுரையாக வெளியிட்டார். நுழைவாயில் இரும்புக் கம்பிக் கதவு முதல் பல அறைகள் வரை நிரலும் குகையும் ஒத்துப்போயின. மந்திரமும் குள்ளர்களும் வுட்ஸ் சேர்த்தவை, குரோதர் எழுதியது வெறும் குகைதான் என்ற பழைய நம்பிக்கை அதோடு அடிபட்டுப் போனது. கோடரி வீசும் குள்ளன் குரோதரின் மூலத்திலேயே இருந்தான்.

வுட்ஸும் குரோதரும் ஒப்புதல் கொடுக்க, எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் 2017-இல் இந்த விளையாட்டின் பிந்தைய வடிவத்தின் நிரலை யாரும் எடுத்து ஆட, திருத்தத் திறந்துவிட்டார். தமிழாக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் தடை இல்லை. ஆடத் தொடங்குபவர்களுக்கு ஒரு தகவல்: முதலிலேயே 'விளக்கக் குறிப்பு வேண்டுமா' என்று கணினி கேட்கும். வீராப்பாக வேண்டாம் என்றால் 1977 வடிவத்தில் விளக்கு 330 நகர்வுக்கு எரியும். வேண்டும் என்றால் ஐந்து மதிப்பெண் பறிபோகும், ஆனால் விளக்கு 1,000 நகர்வுக்கு எரியும். இந்தப் பேரத்தை விளையாட்டு எங்கும் சொல்வதில்லை.